நாற்பது மீட்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி, பயிற்சிப் பிரிவிலிருந்து போன் செய்தார்கள். "உற்சாகமா இருக்கணும் மேடம். படிச்சதும் பிள்ளைங்களுக்கு ஒரு தெம்பு வரணும்" என்றார் பேசியவர். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் உற்சாகமாக எதுவும் வரவில்லை. முப்பது வருடம் ஓசூரில் வேலை பார்த்தவளுக்கு நல்லதாக நாலு கதை கூடவா இல்லை என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையெல்லாம் பிரிவு உபசார விழாவில் மற்றவர்கள் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாதீர்கள்.

எனக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்காக ஓசூர் வந்தவள். மத்திகிரியில் வாடகை வீடு. நான் இருந்த ஆலையில் முதலில் கார் ரேடியோ செய்தார்கள். பிறகு காருக்குள்ளேயே பொருத்தி அனுப்பும் நேவிகேஷன் பெட்டி செய்தார்கள். நான் சோதனைப் பிரிவு. செய்த பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று காரில் வைத்து ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான ஏழெட்டு வருடங்களில் நடந்த கதை இது. இன்று உங்கள் பையில் இருக்கும் போனே வழி சொல்கிறது. அன்று அதற்கென்று ஒரு பெட்டி வேண்டும். எங்கள் பெட்டியில் வரைபடம் எல்லாம் ஒரு டிவிடி தட்டில் இருந்தது. தட்டு சுழல வேண்டும், லென்ஸ் தேட வேண்டும், அப்புறம்தான் திரையில் ரோடு வரும். நல்ல ரோட்டிலேயே மெதுவாக வரும். தளி ரோட்டில் பள்ளத்தில் ஒரு குதி குதித்தால் லென்ஸ் இடம் தவறிவிடும், மறுபடி முதலிலிருந்து தேடும். அதற்குள் கார் திருப்பத்தைத் தாண்டிப் போயிருக்கும். தாண்டிய பிறகு ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் நிதானமாக, வலது பக்கம் திரும்பு என்று சொல்லும்.

எங்கள் சோதனைக் காரை ஓட்டியவர் மாதேஷ். ஜவளகிரிக்காரர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அந்தக் குரலுக்கு அவர் வைத்த பெயர் டீச்சரம்மா.

"டீச்சரம்மா தூங்கி எந்திரிச்சு சொல்றதுக்குள்ள நான் ஜவளகிரி போயி டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்திருப்பேன் மேடம்" என்பார்.

"நீ டீ குடிக்கப் போகலைய்யா. மெஷினை டெஸ்ட் பண்ணப் போற. உனக்கு வழி தெரியும்னு ஓட்டாத. அது சொல்றதக் கேட்டு ஓட்டு."

"அது சொல்றதக் கேட்டா கோஸ் லாரிக்கு அடியிலதான் போகணும்."

"போ. நான் எழுதிக்கிறேன்."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். நான் அவரை நீ, வா, போ என்பேன். அவர் மேடம் என்பார், வேலை முடிந்து வண்டியை நிறுத்தியதும் அக்கா என்பார். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. அந்த மரியாதையை அன்றே கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

குரல் தாமதமாக வருவதற்கு அப்போது ஒரு வழி செய்தோம். எனக்கு மேலே ஒரு இன்ஜினியர் இருந்தார். பெயர் வேண்டாம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். தப்புச் செய்தால் நாலு பேர் முன்னால் கத்துவார், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார். தட்டு படிக்கும் வேகத்தை நம்மால் கூட்ட முடியாது, குரலை முன்னால் தள்ளிவிடலாம் என்றார் அவர். திருப்பத்துக்கு நாற்பது மீட்டர் முன்பே சொல்லும்படி பெட்டியின் புரோகிராமுக்குள் ஓர் எண்ணை மாற்றினோம். பெட்டி நாற்பது மீட்டர் முன்னதாகச் சொல்லக் கிளம்பும், தட்டு அதைத் தாமதப்படுத்தும், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய திருப்பத்திலேயே குரல் வந்து விழும். அசிங்கமான வேலைதான். ஆனால் வேலை செய்தது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. "இது மருந்து இல்லம்மா, கட்டு. என்னைக்காவது பிரிக்கணும். எங்க கட்டிருக்கோம்னு எழுதி வை" என்றார்.

எழுதி வைத்தேன். ஒரு சின்ன ஸ்டிக்கரில் என் கையால் எழுதினேன்: 'இந்த டிரைவைக் கழற்றினால் 40-ஐ 0 ஆக்கவும்.' எழுதி, அந்த டிவிடி டிரைவின் அடிப்பக்கத்திலேயே ஒட்டினேன். டிரைவைக் கழற்றுகிறவன் கண்ணில் பட வேண்டும் என்றால் டிரைவில்தானே ஒட்ட வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். புத்திசாலித்தனம் என்றுகூட நினைத்தேன். ஒட்டினாயா என்று அவர் கேட்டார், ஒட்டினேன் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வருடம் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

இரண்டு வருடம் போனது. எங்களிடம் பெட்டி வாங்கும் கார் கம்பெனி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது. சாவியைத் திருப்பினால் வரைபடம் வர இவ்வளவு நேரமா, தேடினால் ஊர் வர இவ்வளவு நேரமா, இப்படியே இருந்தால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மேலே கூடிப் பேசி முடிவு செய்தார்கள்: டிவிடி டிரைவை எடுத்துவிட்டு மெமரி கார்டு போடுவது. சுழல ஒன்றும் கிடையாது, குதித்தால் தவற ஒன்றும் கிடையாது. முதல் பெட்டியை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. கார் கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஓட்டிப் பார்க்கும் நாளையும் குறித்துவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை.

டிரைவை நானேதான் கழற்றினேன். நாலு ஸ்குரூ. மேல்பக்கம் தெரியும்படி, வேண்டாத பாகங்களைப் போடும் குப்பைத் தட்டில் வைத்தேன். அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க எனக்கு என்ன அவசியம்? போட வேண்டிய கார்டு கையில் இருக்கிறது. கழற்றியது குப்பை. அதை நகர்த்திவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்த நாற்பதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். வேலை அதிகம், அது இது என்று சமாதானம் சொல்லலாம். மறந்தேன் என்பதுதான் உண்மை.

கார்டு போட்ட பெட்டியைக் காரில் மாட்டி சாவியைத் திருப்பினோம். கண் மூடித் திறப்பதற்குள் வரைபடம் வந்தது. மாதேஷ் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார்.

"டீச்சரம்மா காப்பி குடிச்சிட்டாங்க மேடம்."

அந்த வாரம் முழுக்க ஓட்டினோம். பெரும்பாலும் பெரிய ரோடு. குரல் தெளிவாக வந்தது, வரைபடம் காரோடு கூடவே நகர்ந்தது. ஆலையில் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜி.எம். என் தோளைத் தட்டாத குறை. மாதேஷ் அப்போது தற்காலிக ஓட்டுநர். இந்தச் சோதனை நல்லபடியாக முடிந்தால் அவரை நிரந்தரம் செய்வதாக ஜி.எம். என் எதிரிலேயே சொன்னார். அவர் மனைவி ருத்ரம்மா தளியில் பூப்பறிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நிரந்தரம் ஆனால் குடும்பத்தை ஓசூருக்கே கொண்டுவந்துவிடலாம் என்று மாதேஷ் மத்திகிரியில் வீடு பார்க்கக்கூட ஆரம்பித்திருந்தார். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் வண்டியை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "மேடம், ஒண்ணு. இப்ப திருப்பத்துக்கு முன்னாடியே சொல்லிடுது."

"வேகமா இருக்குல்ல, அதான்."

"அப்படி இல்ல மேடம். மத்திகிரியில மாட்டுப்பண்ணை கேட்டுக்கு நேராவே திரும்புங்குது. நம்ம திருப்பம் அதுக்கும் அந்தாண்ட இல்ல இருக்கு? உள்ள போயி பால் கறக்கச் சொல்லுதா என்னா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் டிரையல் ஷீட்டைக் காட்டி, "இதை எழுதணுமில்ல?" என்று கேட்டார்.

இந்த ஷீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தாள். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம். ஓட்டியவர் கண்ட குறையை அதில் எழுத வேண்டும். மாதேஷுக்கு ஆங்கிலம் எழுத வராது. அதனால் அவர் சொல்வார், நான் எழுதுவேன், கீழே அவர் கன்னடத்தில் கையெழுத்துப் போடுவார். நாலு வருடமாக அப்படித்தான் நடந்தது. யாரும் தப்பு என்று சொன்னதில்லை.

"எதுக்கு? இதை எழுதினா அதுக்கு நூறு கேள்வி வரும். திங்கக்கிழமை ஆளு வர்றாங்க. முன்னாடி லேட்டா சொல்லுதுன்னு அழுதோம், இப்ப சீக்கிரம் சொல்லுதுன்னு அழணுமா?" என்றேன். ரிமார்க்ஸ் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். சின்னக் கோடு. குறை ஒன்றுமில்லை என்று அர்த்தம். மாதேஷ் அந்தக் கோட்டை ஒரு நொடி பார்த்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை வந்த ஆள் வடக்கே இருந்து வந்தவர். தமிழ் தெரியாது. பழகிய ரோடு வேண்டாம், புது வழியில் போகலாம் என்றார். தளி தாண்டி உள்ளே ஓர் ஏரிக்குப் போகும் கிளை ரோட்டைப் பெட்டியில் போட்டோம். காலை ஏழு மணி இருக்கும். மார்கழிப் பனி. தளிப் பக்கம் மார்கழியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வந்தவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். கார் குலுங்கக் குலுங்க வரைபடம் கொஞ்சமும் தடுமாறாமல் ஓடியது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது குரல் வலது பக்கம் திரும்பச் சொன்னது.

மாதேஷ் வேகத்தைக் குறைத்தார். திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மேடம், இங்க இல்லீங்க போலருக்கு. ஏரி ரோடு இன்னும் அந்தாண்ட வரும்."

முன்சீட்டுக்காரர், ஏன் வண்டி நிற்கப் போகிறது என்பதுபோல மாதேஷைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வலது பக்கம் பனிக்குள் ஒரு வழி திறந்திருப்பது எனக்கும் தெரிந்தது. அகலமான வழி. டயர்த் தடம்கூட இருந்தது. இரண்டு நொடி இருந்திருக்கும். இறங்கிப் பார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் நில் என்று சொல்லியிருக்கலாம். வண்டியில் இருந்த மூன்று பேரில் அந்த மண்ணைத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் இங்கே இல்லை என்கிறார். நான் சொன்னது இது:

"அது சொல்றதக் கேளு மாதேஷ்."

அவர் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார்.

அது பழைய கல்குவாரிக்கு லாரி போன தடம். ஏரி ரோடு அதற்கு நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது. தடம் கொஞ்ச தூரம் போய் அப்படியே வெட்டுப்பட்டு நின்றது. பிரேக் போட்டார். ஈரமான கல்தூள், கார் நிற்கவில்லை. முன்பக்கம் குழிக்குள் இறங்கி, வலது மூலை பாறையில் மோதி நின்றது. குழி அந்த இடத்தில் ஆழம் இல்லை. இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. முன்சீட்டுக்காரருக்கு நெற்றியில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றுமில்லை. மாதேஷின் வலது கால் பெடல்களுக்கும் நசுங்கிய தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. "சிவனே, சிவனே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வந்த வழிக்குத் திரும்புமாறு டீச்சரம்மா சொன்னாள்.

ஓசூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் மாட்டுப்பண்ணை கேட் ஞாபகம் வந்தது. அங்கிருந்து நம் திருப்பம் எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் அளந்தேன். அந்த வழியாகத்தானே தினமும் வீட்டுக்குப் போகிறேன். அப்போதுதான் நாற்பது ஞாபகம் வந்தது. எழுந்து ஆலைக்குப் போனேன். கழற்றிய டிரைவ் இன்னும் குப்பைத் தட்டில்தான் கிடந்தது. புரட்டினேன். என் கையெழுத்து.

ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்துக் கைப்பையில் வைத்தேன். புதுப் பெட்டிகளில் ஏற்றும் புரோகிராமின் மூலப் பிரதியில் நாற்பதைப் பூஜ்யம் ஆக்கினேன். குழியிலிருந்து காரைத் தூக்கி வந்து முற்றத்தில் நிறுத்தியதும் அதில் இருந்த பெட்டியிலும் பூஜ்யம் ஆக்கினேன். அடுத்த கார் யாரையும் குழியில் தள்ளக் கூடாது, அதற்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூலப் பிரதிக்கு அது சரி. உடைந்த காரில் இருந்த பெட்டி இனி யாரைத் தள்ளப் போகிறது? அதை ஏன் மாற்றினேன்? உங்களுக்கே தெரியும்.

அந்தப் பெட்டியைச் சோதித்துப் பார்த்தவர்கள் குறை ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். எப்படி இருக்கும்?

பெட்டியில் குறை இல்லை என்றால் ஓட்டியவர் மேல்தான் குறை. பனியில் கவனக்குறைவாக ஓட்டினார் என்று மாதேஷ் மேல் உள்விசாரணை வைத்தார்கள். அவர் ஊன்றுகோலோடு வந்தார். ருத்ரம்மாவை உள்ளே விடவில்லை, செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் ஜி.எம்.மும். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் மாதேஷ், இன்னொன்றில் நான். என் மடியில் கைப்பை. பைக்குள் ஸ்டிக்கர்.

"குரல் சீக்கிரமா வந்துச்சுங்க சார். அதனாலதான் குவாரித் தடத்துல திரும்பிட்டேன்" என்றார் மாதேஷ்.

வக்கீல் சனிக்கிழமை ஷீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"ரிமார்க்ஸ்ல என்ன இருக்கு?"

"கோடு இருக்குங்க."

"குறை இருந்தா அதுலதான எழுதணும்? எழுதலையே. கையெழுத்தும் போட்டுருக்கீங்க. விபத்துக்கு அப்புறம் சொன்னா எப்படிங்க நம்புறது?"

"வாயில சொன்னேங்க சார். மேடம்கிட்ட சொன்னேன். மாட்டுப்பண்ணை கேட்டைக்கூடச் சொன்னேன்."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "சொன்னாரா மேடம்?"

அந்த அறையில் ஏசி ஓடிய சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. பையின் ஜிப்பைத் திறக்க ஒரு நொடி போதும். என் வேலை போகும், பிள்ளைகள் படிப்பு, ஊரில் என்ன சொல்வார்கள் என்று எல்லாம் வரிசையாக மனதில் வந்தது. அவருடைய கால் அந்த வரிசையில் வரவே இல்லை. ஒரு அடி தூரத்தில் கட்டுப்போட்டு நீட்டி வைத்திருந்தார்.

"ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

மாதேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கோட்டைப் பார்த்தாரே, அதே பார்வை.

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போனார். "திரும்புற எடத்துல சந்தேகம் வந்து வண்டிய ஸ்லோ பண்ணிருக்கீங்க. அப்புறம் ஏன் திரும்பினீங்க? யாராவது திரும்பச் சொன்னாங்களா?"

மாதேஷ் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மெஷின்தாங்க சார் சொல்லுச்சு."

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முட்டி மடங்காது, இனி ஓட்ட முடியாது என்று டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவில் காலியாக இருந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். கார் கம்பெனி மெமரி கார்டு பெட்டிக்குச் சம்மதம் சொன்னது. ஆலையில் லட்டு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என் மேல் அவ்வளவு மரியாதை, நல்ல மனுஷன் என்று ஒரு வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்தால் தூக்கம் வந்தது. பிறகு அதுவும் வராமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஜவளகிரி போனேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். மாதேஷ் வாசலில் சாக்கு விரித்துக் காலை நீட்டிப் பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ருத்ரம்மா என்னைப் பார்த்ததும் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

ஸ்டிக்கரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. நானே படித்துக் காட்டினேன். நாற்பதின் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் பீன்ஸிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"விசாரணை அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

"என் பையில."

தலையை ஆட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை. "நான்தான் திரும்பச் சொன்னேன்னு நீ ஏன் சொல்லல மாதேஷ்? என்னைக் காப்பாத்தணும்னா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். வண்டியில் சிரிக்கும் சிரிப்பு இல்லை.

"உங்களை எதுக்கு மேடம் நான் காப்பாத்தணும்? நீங்கதான் ஞாபகம் இல்லைன்னுட்டீங்களே. அதுக்கு மேல நான் எதைச் சொன்னாலும் அந்த ரூம்ல பொய்யாத்தான போகும். சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அக்கா என்று சொல்லவில்லை. மேடம் என்றார். ஸ்டிக்கரை என்னிடமே நீட்டினார்.

"இதை எதுக்கு இங்க எடுத்தாந்தீங்க? ஆபீஸ்ல குடுங்க."

மறுநாள் கொடுத்தேன். நடந்ததை இரண்டு பக்கம் எழுதி, ஸ்டிக்கரையும் அதோடு வைத்து ஜி.எம். மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டுத் தாளை ஸ்டிக்கரோடு சேர்த்து மடித்தார். பிறகு, "முடிஞ்சுபோன கேஸை இப்ப ஏம்மா தோண்டுறீங்க? உங்களுக்கும் கஷ்டம், கம்பெனிக்கும் கஷ்டம். நான் பாத்துக்கிறேன், போங்க" என்றார். நான் போனேன். அவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை. அதன் பிறகும் பத்து வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். பதவி உயர்வு வாங்கினேன். ஓய்வு பெறும் நாளில் பொறுப்புணர்வுக்கு எடுத்துக்காட்டு என்று சால்வை போட்டார்கள்.

இப்போது உங்களுக்கு. நீங்கள் எல்லாவற்றையும் வேகமாக்க வந்திருக்கிறீர்கள். வேகமாக்குங்கள். ஆனால் ஒரு பொருள் மெதுவாக இருந்த காலத்தில் அதைச் சமாளிக்க யார் யார் என்னென்ன செய்து வைத்தார்கள் என்று முதலில் தேடுங்கள். எங்காவது ஒரு நாற்பது இருக்கும். குறிப்பு எழுதினால் கழற்றிப் போடப் போகும் பாகத்தில் ஒட்டாதீர்கள், உள்ளேயே இருக்கப் போகும் பாகத்தில் ஒட்டுங்கள். இதெல்லாம் சின்ன விஷயம், ஒரு முறை அடிபட்டால் வந்துவிடும். கால் உடைந்தது நான் மறந்ததால் மட்டும் இல்லை. ஓட்டியவர் இரண்டு தடவை வாயைத் திறந்து சொன்னார். ஒரு தடவை சிரித்தேன், ஒரு தடவை அதட்டினேன். எழுதத் தெரியாத ஒருவர் சொல்வதை எழுதும் பேனா உங்கள் கையில் இருந்தால், அந்தப் பேனா அவருடையது. உங்களுக்கு வசதியான கோட்டைப் போட அது உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஷீட் எந்த பீரோவில் இருக்கிறதோ, கிழித்தே போட்டார்களோ தெரியாது. அந்தக் கோட்டின் மேல் இனி எழுத முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். உற்சாகமாக இல்லை என்று சொல்லி இதை வெட்டிவிடாதீர்கள்.

ரிமார்க்ஸ்: குரல் திருப்பத்துக்கு முன்னாடியே வருகிறது. மத்திகிரியில் மாட்டுப்பண்ணை கேட்டுக்கு நேராகவே திரும்பச் சொல்கிறது. ஓட்டிப் பார்த்துச் சொன்னவர் மாதேஷ். கேட்டும் எழுதாதவள் நான்.